குறைமாசத்துல பொறந்த குழந்தை: டிஸ்சார்ஜ் ஆனதுக்கு அப்புறம் எல்லாரும் கேக்குற கேள்விகள்

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். என்ஐசியுல (பச்சக் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்து வீட்டுக்குப் போன குழந்தைங்கள மறுபடி மறுபடி வரவச்சுப் பாக்குறதுதான் வேலை. கேள்வி கேக்குறவங்க பாதிப் பேரு அம்மா, மிச்சம் பாட்டிங்க, அப்பப்போ ஒரு அப்பா. மருந்து, டோஸ் எல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான், அதுக்குள்ள நான் போகல. மத்ததுக்கு நேரா பதில் சொல்றேன். சும்மா "ஒண்ணும் ஆகாது"ன்னு தடவிக் குடுக்கவும் மாட்டேன், பயமுறுத்தவும் மாட்டேன்.

எத்தனை வாரத்துல பொறந்தா குறைமாசம்?

37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பொறந்தா குறைமாசம். ஆனா அந்த ஒரே பேருக்குள்ள 36 வாரத்துல 2.4 கிலோவுல பொறந்த குழந்தையும் இருக்கு, 27 வாரத்துல 900 கிராம்ல பொறந்ததும் இருக்கு. ரெண்டும் வேற வேற கதை. 32 வாரம் தாண்டிப் பொறந்தவங்கதான் இதுல பெரும்பாலானவங்க. 28ல இருந்து 32 வாரத்துக்குள்ளன்னா ரொம்பக் கவனமா பாக்கணும், 28க்குக் கீழன்னா இன்னும் அதிகமா. 2020ல உலகத்துல 1 கோடியே 34 லட்சம் குழந்தைங்க குறைமாசத்துல பொறந்திருக்காங்க, அதுல கிட்டத்தட்ட 30 லட்சம் நம்ம இந்தியாவுல மட்டும். அதனால சொந்தத்துல யாராவது "எங்க மச்சினிச்சி குழந்தையும் குறைமாசம்தான், இப்ப ஓடுறான்"ன்னு சொன்னா, இல்ல அதுக்கு நேர்மாறா ஒரு சோகக் கதை சொன்னா, முதல்ல எத்தனை வாரம், எத்தனை கிராம்னு கேளுங்க. அது தெரியாம ஒப்பிட்டுப் பாத்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

ஏழாம் மாசம் பொறந்தா பொழச்சுக்கும், எட்டாம் மாசம் பொறந்தா பொழைக்காதுங்குறாங்களே?

தப்பு. ஒவ்வொரு வாரம் உள்ள இருக்க இருக்க நல்லதுதான், எட்டாம் மாசத்துக்குன்னு தனியா எந்தச் சாபமும் கிடையாது.

ஆனா 34 வாரத்துக் குழந்தைகூட சாதாரணமா செத்துப்போன காலம் ஒண்ணு இருந்துச்சு. 1963 ஆகஸ்ட்ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு பையன் பொறந்தான், முப்பத்தி நாலரை வாரம், 2.1 கிலோ. நாட்டுல இருந்த பெரிய டாக்டர்லாம் பாத்தும் 39 மணி நேரம்தான் இருந்தான். நுரையீரல் விரிஞ்சே இருக்குறதுக்கு உள்ள சர்ஃபாக்டன்ட்னு ஒரு வழவழப்பான பொருள் வேணும், சீக்கிரம் பொறந்தா அது பத்தாது, மூச்சு விடும்போதெல்லாம் காத்தறை ஒட்டிக்கும். பிரசவத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டா குழந்தை நுரையீரல் சீக்கிரம் தயாராகும்னு நியூசிலாந்துல லிகின்ஸ், ஹோவின்னு ரெண்டு டாக்டருங்க 1972ல காட்டுனாங்க. 1980ல ஜப்பான்ல ஃபுஜிவாரா அந்த சர்ஃபாக்டன்ட்டையே குழந்தையோட நுரையீரலுக்குள்ள குடுத்துப் பாத்து வேலை செய்யுதுன்னு காட்டுனாரு. இன்னைக்கு அதே 34 வாரம், 2 கிலோ குழந்தை மாவட்ட ஆஸ்பத்திரில இருந்தே நல்லபடியா வீட்டுக்குப் போகுது.

இதை வயித்துல குழந்தையோட இருக்குற யாராவது படிச்சா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: வலி முன்னாடியே வந்துட்டா "நுரையீரலுக்கு ஊசி போட்டாச்சா"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. ஊசி போட்டு சில மணி நேரமாவது ஆனாத்தான் பலன், அதனால வீட்டுல சூட்டு வலியா இருக்கும்னு சீரகத் தண்ணி குடிச்சுட்டு உக்காந்திருக்காதீங்க.

டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு, எடையும் ஏறுது. இனிமே பயம் இல்லதானே?

உயிர் பயம் பெரும்பாலும் தாண்டியாச்சு, சந்தோஷப்படுங்க. ஆனா கண்ணு, காது, மூளை, கை கால் இதுல வர்ற பிரச்சனை எதுவும் டிஸ்சார்ஜ் அன்னைக்கு வெளிய தெரியாது. குழந்தை பால் குடிக்கும், தூங்கும், பாக்க அழகா இருக்கும். ஃபாலோ அப் வராம போறவங்க எல்லாரும் இதைப் பாத்துதான் நின்னுடுறாங்க. பஸ் செலவு, வேலைக்கு லீவு, "நல்லாத்தானே இருக்கான்"னு மாமியார் சொல்றது, எல்லாம் சேர்ந்து ரெண்டாவது விசிட்டே நடக்காது. நான் பாத்தவரைக்கும் குழந்தை எத்தனை கிராம்ல பொறந்துச்சுங்குறது நம்ம கையில இல்ல, விசிட்டுக்கு வர்றது கையில இருக்கு, அதனால நான் திட்டுறதெல்லாம் இதுக்குத்தான்.

கண் டெஸ்ட் கண்டிப்பா பண்ணணுமா? கண்ணு நல்லா மினுமினுன்னு இருக்கே?

கண்டிப்பா. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

கண்ணுக்குப் பின்னாடி இருக்குற விழித்திரைக்குப் போற ரத்தக் குழாய் முழுசா வளர்றது கிட்டத்தட்ட 40 வாரத்துலதான். சீக்கிரம் பொறந்து, ஆக்ஸிஜனும் வச்சு, நடுவுல இன்ஃபெக்ஷனும் வந்துட்டா அந்தக் குழாய் தாறுமாறா வளர ஆரம்பிக்கும், முத்திப்போனா விழித்திரையையே இழுத்துப் பிச்சுடும். இதுக்குப் பேரு ஆர்ஓபி. ஆரம்பத்துல வெளிய ஒரு அடையாளமும் இருக்காது. அம்மாவால கண்டுபிடிக்க முடியாது, சாதாரண டாக்டராலயும் முடியாது, சொட்டு மருந்து போட்டு கண்மணியை விரிச்சு உள்ள பாத்தாத்தான் தெரியும்.

1996ல சென்னையில ஒரு அரசு ஆஸ்பத்திரில 29 வாரத்துல 1250 கிராம்ல ஒரு பொண்ணு பொறந்துச்சு. ஆக்ஸிஜன்லாம் குடுத்து உயிரைக் காப்பாத்தி அனுப்பிட்டாங்க, ஆனா கண்ணைப் பாக்கணும்னு யாரும் சொல்லல. தெரியவரும்போது நோய் முத்திப்போயிருந்துச்சு, பார்வை போயிடுச்சு. அப்பா விடாம வழக்கு நடத்தி 2015 ஜூலைல சுப்ரீம் கோர்ட் சுமார் 1.8 கோடி ரூபாய் நஷ்ட ஈடு குடுக்கச் சொல்லித் தீர்ப்பு சொல்லுச்சு. நாடு முழுக்க என்ஐசியுங்க டிஸ்சார்ஜ் பேப்பர்ல கண் டெஸ்ட் தேதியை கொட்டை எழுத்துல எழுதித் தர்றதுக்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

கணக்கு இதுதான்: 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் கீழ இருந்தாலோ பொறந்து 30 நாளுக்குள்ள முதல் டெஸ்ட். 28 வாரத்துக்குக் கீழ, இல்ல 1200 கிராமுக்குக் கீழன்னா ரெண்டு மூணு வாரத்துலயே. 34ல இருந்து 36 வாரம்னாலும் உடம்பு ரொம்ப முடியாம இருந்த குழந்தைன்னா பாக்கணும். இந்த 2 கிலோங்குற அளவு வெளிநாட்டை விட நமக்கு அதிகம், ஏன்னா நம்ம ஊர்ல கொஞ்சம் பெரிய குழந்தைக்கும் இது வருது. டெஸ்ட் பண்ணும்போது குழந்தை வீல்னு கத்தும், கண்ணைத் தொறக்க கம்பி வைப்பாங்க, பாக்கக் கஷ்டமா இருக்கும், ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான். டெஸ்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பால் குடுக்காதீங்க, வாந்தி எடுக்கும். ஒரு தடவை "இப்போதைக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல, ரத்தக் குழாய் முழுசா வளர்ந்துடுச்சுன்னு சொல்ற வரைக்கும் திரும்பத் திரும்ப வரணும். லேசரோ ஊசியோ தேவைன்னு சொல்லிட்டாங்கன்னா ரெண்டு மூணு நாளுக்குள்ள பண்ணியாகணும், அமாவாசை போகட்டும், வீட்டுக்காரர் ஊர்ல இருந்து வரட்டும்னு தள்ளாதீங்க ப்ளீஸ்.

காது டெஸ்ட் ஆஸ்பத்திரிலயே பண்ணி "பாஸ்"னு போட்டாங்க. போதுமா?

எந்த டெஸ்ட்னு பாருங்க. காதுல சின்ன மிஷின் வச்சு சட்டுனு பண்றது ஓஏஇ, உள்காது வரைக்கும்தான் சொல்லும். அதுக்கு மேல நரம்பு சரியா கேக்குதான்னு சொல்றது பெரா. என்ஐசியுல அஞ்சு நாளுக்கு மேல இருந்த குழந்தைக்கு பெரா வேணும். மூணு மாசத்துக்குள்ள பிரச்சனையை உறுதிபண்ணி ஆறு மாசத்துக்குள்ள காது கேக்குற மிஷின் மாட்டுனா பேச்சு நல்லா வரும். கைதட்டுனா திரும்புறான், மிக்ஸி சத்தத்துக்கு முழிக்கிறான்ங்குறதெல்லாம் டெஸ்ட் இல்ல.

ஆறு மாசம் ஆச்சு, இன்னும் உக்காரவே இல்ல. பக்கத்து வீட்டுப் பாப்பா தவழுது.

வயசை முதல்ல சரியா கணக்கு போடுங்க. 40 வாரத்துல இருந்து பொறந்த வாரத்தைக் கழிங்க. 30 வாரத்துல பொறந்துச்சுன்னா 10 வாரம் கடன். இப்ப ஆறு மாசம்னா 26 வாரம், 10 போக 16 வாரம், அதாவது நாலு மாசம்கூட முழுசா ஆகல. நாலு மாசக் குழந்தை உக்காருமா? தலை நின்னாலே சந்தோஷம். இந்தக் கணக்கை ரெண்டு வயசு வரைக்கும் வச்சுக்கோங்க.

தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது, பொறந்த தேதிப்படியேதான் போடணும். "சின்னக் குழந்தை, தாங்காது"ன்னு தள்ளிப்போட்டா அந்தச் சின்னக் குழந்தைக்குத்தான் கக்குவானும் நிமோனியாவும் மோசமா வரும்.

கூழு, சாதம் எப்ப ஆரம்பிக்கிறது?

கழிச்ச கணக்குப்படி ஆறு மாசம். டெல்லில 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்த குழந்தைங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2017ல வந்துச்சு, கழிச்ச கணக்குல நாலு மாசத்துல ஆரம்பிச்சவங்களுக்கும் ஆறு மாசத்துல ஆரம்பிச்சவங்களுக்கும் வளர்ச்சில வித்தியாசம் இல்ல, ஆனா நாலு மாசத்துல ஆரம்பிச்ச கூட்டம் ஆஸ்பத்திரில அட்மிட் ஆனது அதிகம். எடை ஏறலன்னு அவசரப்பட்டு டப்பா மாவு கரைச்சு ஊத்துறவங்க இதைக் கவனிங்க.

டிஸ்சார்ஜ் பேப்பர்ல காஃபின்னு ஒரு மருந்து எழுதிருக்கு, காபியில இருக்கறதா?

அதேதான். குறைமாசக் குழந்தை மூச்சு விட "மறந்துடும்", அதைத் தட்டி எழுப்புறதுக்கு. பயப்படாதீங்க, நல்ல மருந்து. பல நாட்டுல சேர்ந்து பண்ணுன ஒரு பெரிய ஆய்வுல 18 மாசத்துல பாத்தப்போ காஃபின் குடுத்த குழந்தைங்கள்ல மூளைவாதம் (கை கால் அசைவைப் பாதிக்குற செரிப்ரல் பால்சி) 4.4 சதவீதம், குடுக்காதவங்கள்ல 7.3. அதுக்காக வீட்டுல டிகாக்ஷன் ஊத்திடாதீங்க, கேட்டிருக்காங்க ஒருத்தங்க.

கை கால் வராம போயிடுமா? மூளைவாதம் வருமா?

வரலாம், ஆனா நீங்க நினைக்கிறதை விட ரொம்பக் கம்மி பேருக்கு. பிரான்ஸ்ல 2011ல பொறந்த குறைமாசக் குழந்தைங்களை நாடு முழுக்க தொடர்ந்து பாத்த எபிபேஜ் 2ன்னு ஒரு ஆய்வு இருக்கு. ரெண்டு வயசுல மூளைவாதம் இருந்தது, 24ல இருந்து 26 வாரத்துல பொறந்து பொழச்சவங்கள்ல சுமார் 7 சதவீதம், 27ல இருந்து 31 வாரம்னா 4 சதவீதம் சொச்சம், 32ல இருந்து 34னா 1 சதவீதம். அந்த ஊரு வசதி வேற நம்ம வசதி வேற, ஆனாலும் வாரம் கூடக்கூட எப்படி இறங்குதுன்னு பாருங்க.

நான் என்ன பாப்பேன்னு சொல்றேன், வீட்டுல நீங்களும் பாக்கலாம். ஜட்டி மாத்தும்போது ரெண்டு தொடையும் கத்திரிக்கோல் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் பின்னிக்குதா, விரிக்கவே கஷ்டமா இருக்கா. கழிச்ச வயசுல நாலு மாசம் ஆகியும் கட்டைவிரலை உள்ள மடக்கி கையை எப்பவும் மூடியே வச்சிருக்கா. ஒரு வயசுக்கு முன்னாடியே ஒரு கையை மட்டும்தான் நீட்டுதா. "எங்க பாப்பா இடதுகைப் பழக்கம்"னு பெருமையா சொல்லுவாங்க, அந்த வயசுல எந்தக் குழந்தைக்கும் கைப்பழக்கம் கிடையாது, இன்னொரு கை ஏன் வரலன்னுதான் பாக்கணும். கக்கத்துல பிடிச்சு நிறுத்துனா குதிகால் தரையில படாம விரல்லயே விறைப்பா நிக்குதா. "இப்பவே நிக்கிறான் பாருங்க"ன்னு வீடியோ அனுப்புவாங்க, எனக்கு வயித்தைக் கலக்கும்.

இன்னொரு விஷயம், கழிச்ச கணக்குல மூணு மாசம் ஆகும்போது குழந்தை நல்ல மூடுல மல்லாக்கப் படுத்திருக்கறப்போ, பொம்மை காட்டாம, கொஞ்சாம, ரப்பர் வாயில வைக்காம, மேல இருந்து ஒரு மூணு நிமிஷம் வீடியோ எடுத்துட்டு வாங்க. கை கால்ல ஓடுற சின்னச் சின்ன அசைவு இருக்கான்னு பயிற்சி எடுத்தவங்க பாத்தாலே நிறைய சொல்லிடலாம். அப்பவே தெரபி ஆரம்பிச்சா மூளை வேகமா வளர்ற நேரத்துல நாம வேலை செய்யலாம். ஒண்ணரை வயசுல "நடக்கலயே"ன்னு தூக்கிட்டு வந்தா அந்த நேரம் போயிடுது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிங்கள்ல, மெடிக்கல் காலேஜ்ல டிஇஐசின்னு இதுக்குன்னே மையம் இருக்கு, காசு கிடையாது. வாக்கர் வண்டி வாங்காதீங்க, கிஃப்ட்டா வந்தாலும் பரண்ல போடுங்க.

தலை ஸ்கேன்ல ரத்தக் கசிவு கிரேடு 1ன்னு இருக்கு. கூகுள் பண்ணி அழுதுட்டு இருக்கேன்.

கூகுளை மூடுங்க. 1, 2 கிரேடு பெரும்பாலும் தானா கரைஞ்சுடும், நிறைய குழந்தைங்க நல்லாவே வளர்றாங்க. 3, 4 வேற விஷயம், தலை சுற்றளவு வேகமா ஏறுதான்னு அடிக்கடி அளக்கணும். எந்த கிரேடா இருந்தாலும் ஃபாலோ அப் மட்டும் விட்டுடாதீங்க.

படிப்பு வருமா?

பெரும்பாலானவங்க சாதாரண ஸ்கூல்லதான் படிக்கிறாங்க. ஆனா வித்தியாசமே இல்லன்னு சொன்னா பொய். 32 வாரத்துக்கு முன்னாடி பொறந்தவங்களை ஒட்டுமொத்தமா எடுத்தா ஐக்யூ சராசரி 10ல இருந்து 13 புள்ளி கம்மின்னு பல ஆய்வைச் சேர்த்துப் பாத்ததுல வந்திருக்கு. சராசரிதான் அது, உங்க குழந்தை அதுல எங்க இருக்குன்னு அது சொல்லாது. அதே எபிபேஜ் 2 ஆய்வுல அஞ்சரை வயசுல பாத்தப்போ நடுத்தரம் இல்ல கடுமையான வளர்ச்சிக் குறைபாடு 24ல இருந்து 26 வாரக் குழந்தைங்கள்ல 28 சதவீதம், 27ல இருந்து 31ல 19, 32ல இருந்து 34ல 12. கவனிச்சீங்களா, ரெண்டு வயசுல கை கால் நல்லா இருந்த குழந்தைக்கும் அஞ்சு வயசுல வேற ஏதோ தெரிய வரலாம்.

அது பெரும்பாலும் கணக்கு, கவனம், வேகமா எழுதுறது. போர்டைப் பாத்து எழுதுறதுக்குள்ள டீச்சர் அழிச்சுடுவாங்க. இந்தப் பசங்க துறுதுறுன்னு ஓடி வம்பு பண்ற ரகம் கம்மி, ஜன்னலைப் பாத்துட்டு அமைதியா உக்காந்திருக்குற ரகம் அதிகம். அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க, "சோம்பேறி"ன்னு பேரு வாங்கிட்டு உக்காந்திருக்கும். அட்மிஷன் அப்போ குறைமாசம்னு சொல்லணுமான்னு கேக்குறாங்க, 32 வாரத்துக்குக் கீழன்னா கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்றது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன், முன்னாடி பெஞ்சுல உக்கார வைக்கவாவது உதவும். மே மாசக் கடைசில பொறக்க வேண்டிய குழந்தை மார்ச்லயே பொறந்து, அதனால ஒரு வருஷம் முன்னாடியே சேத்துக்குறாங்கன்னா, அவசரப்படாம அடுத்த வருஷம் போடுங்க.

ஆட்டிசம் வருமா?

மத்த குழந்தைங்களை விட வாய்ப்பு அதிகம், சுமார் 7 சதவீதம்னு 2018ல வந்த ஒரு தொகுப்பு ஆய்வு சொல்லுது. ஆனா குறைமாசக் குழந்தைக்கு பேச்சு தாமதம், பார்வைப் பிரச்சனை எல்லாம் இருந்தா ஆட்டிசம் இருக்கான்னு செல்போன்ல நிரப்புற கேள்வித்தாள்ல சும்மாவே மார்க் ஏறி, இருக்குற மாதிரி காட்டிடும். அதை வச்சு முடிவு பண்ணாதீங்க, நேர்ல காட்டுங்க. போனை குழந்தை கையில குடுக்காதீங்க, அது தனி.

அடிக்கடி சளி, இளைப்பு. மூச்சு எப்பவும் இப்படித்தான் இருக்குமா?

வெண்டிலேட்டர், ஆக்ஸிஜன்ல ரொம்ப நாள் இருந்த குழந்தைக்கு முதல் ரெண்டு வருஷம் இளைப்பு அடிக்கடி வரும், அட்மிஷனும் ஆகலாம், வளர வளரக் குறையும். வீட்டுக்குள்ள பீடி சிகரெட் வேண்டவே வேண்டாம், மொட்டை மாடில பிடிச்சுட்டு வந்து அதே சட்டையோட தூக்குறதும் வேண்டாம். தலைக்குக் குளிச்சதும் சாம்பிராணி போடுறோம்ல, அந்தப் புகையும் இதே கணக்குதான். பாட்டிங்க கோவிச்சுப்பாங்க, பரவாயில்ல, துண்டால நல்லா ஒத்தி எடுத்தாப் போதும்.

குளிப்பாட்ட ஆயா வரட்டுமா? உரை மருந்து, சேனை?

கால் மேல போட்டு ஓங்கித் தண்ணி ஊத்தி, மூக்கை நிமிண்டி, தலையை உருட்டி, மூக்குல வாய் வச்சு ஊதி, கடைசில தலைகீழா ஆட்டுறது, இது எதுவும் வேண்டாம். எண்ணெய் தடவலாம், தேங்காய் எண்ணெய் மெதுவா தடவுனா குழந்தைக்கு நல்லது, நீங்களே தடவுங்க. உரை மருந்து, தேன், சர்க்கரைத் தண்ணி, கிரைப் வாட்டர் எதுவும் வாயில வைக்காதீங்க. இந்தக் குடல் ரொம்ப மென்மை, தாய்ப்பால் மட்டும்தான் அதுக்குக் காவல். பால் பத்தலன்னா தாய்ப்பால் வங்கி இருக்கான்னு கேளுங்க, 1989லயே மும்பை சயான் ஆஸ்பத்திரில ஆரம்பிச்சது, இப்ப நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரிங்கள்லயும் இருக்கு.

கங்காரு மாதிரி நெஞ்சுல கட்டிக்கச் சொன்னாங்க. வெயிட் ஏறுனதும் நிறுத்திடலாமா? அப்பா பண்ணலாமா?

அப்பா, பாட்டி யாரு வேணாலும் பண்ணலாம், சட்டையைக் கழட்டிட்டு தோலோட தோலா. இன்குபேட்டர் பத்தாம கொலம்பியாவுல பொகோட்டால 1978 வாக்குல ஆரம்பிச்ச பழக்கம் இது. 2021ல டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் நாலு ஆப்பிரிக்க நாடும் சேர்ந்து பண்ணுன ஆய்வுல, பொறந்த உடனே ஆரம்பிச்சா சாவு 25 சதவீதம் குறையுதுன்னு வந்துச்சு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது வைக்கணும். எப்ப நிறுத்துறதுன்னு குழந்தையே சொல்லும், வேர்த்து வழிஞ்சு நெளிஞ்சு காலால உதைச்சு வெளிய வரப் பாக்கும்.

நான் ஏதோ தப்பு பண்ணிட்டேனா? பப்பாளி சாப்பிட்டேன், வண்டில போனேன்.

இல்ல. இன்ஃபெக்ஷன், பிரஷர், ரெட்டைக் குழந்தை, கர்ப்பப்பை வாய் நீளம் கம்மியா இருக்கறது இப்படி காரணம் ஆயிரம், நிறைய பேருக்கு காரணமே தெரியாது. "உன்னாலதான்"னு யாராவது உங்களைப் பாத்துச் சொன்னா அவங்களை எங்க கிளினிக்குக்கு கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கிறேன். ராத்திரி பகல் அழுகையா வருது, குழந்தையைத் தொடவே பிடிக்கலன்னா வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுக்கு வைத்தியம் இருக்கு.

பெரியவங்க ஆனா எப்படி இருப்பாங்க?

ஸ்வீடன்ல 1973ல இருந்து 1997 வரைக்கும் பொறந்த சுமார் 25 லட்சம் பேரோட ரெக்கார்டைப் பாத்தாங்க. பெரிய நோய் எதுவும் இல்லாம வளர்ந்தவங்க, குறைமாசத்துல பொறந்தவங்கள்ல 55 சதவீதம், மாசம் முடிஞ்சு பொறந்தவங்கள்ல 63. வித்தியாசம் அவ்வளவுதான். 28 வாரத்துக்குக் கீழன்னா மட்டும் 22 சதவீதம், அது பெரிய வித்தியாசம்தான், அதுவும் அந்தக் காலத்து வைத்தியத்துல பொழச்சவங்க. பிரஷர் கொஞ்சம் சீக்கிரம் வரலாம், அதனால வருஷம் ஒருக்கா பிரஷர் பாருங்க, குண்டாகவும் விடாதீங்க. "பொறக்கும்போது ஒல்லி"ன்னு மூணு வயசு வரைக்கும் திணிச்சு ஊட்டுறது உதவாது.

அடுத்த குழந்தையும் குறைமாசமா பொறக்குமா?

வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம், ஆனா நிறைய பேருக்கு அடுத்தது மாசம் முடிஞ்சே பொறக்குது. ஒண்ணரை வருஷமாவது இடைவெளி விடுங்க. நாள் தள்ளுனதும் முதல் விசிட்லயே பழைய டிஸ்சார்ஜ் பேப்பரை எடுத்துட்டுப் போயி "முதல் குழந்தை இத்தனை வாரத்துல பொறந்துச்சு"ன்னு நீங்களே சொல்லுங்க, அவங்க கேக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க. கர்ப்பப்பை வாய் நீளம் ஸ்கேன்ல பாக்கணுமா, புரோஜெஸ்டிரோன் வேணுமா, தையல் போடணுமா, முன்னாடி பிரஷர் இருந்திருந்தா 16 வாரத்துக்கு முன்னாடியே ஆஸ்பிரின் ஆரம்பிக்கணுமான்னு அவங்க பாத்து சொல்லுவாங்க. நாலாவது மாசம் போலாம்னு இருந்தா இதுல பாதிக்கு நேரம் தாண்டிடும்.